எழுத்து மாறாது சார்

டெலிபோன் ரிசீவரைக் குப்புறப் படுக்க வைப்பதற்கென்றே ஒரு பெட்டி இருந்தது. சாம்பல் நிறம், டிபன் கேரியரைப் படுக்கப் போட்ட நீளம். அதன் மேல் இரண்டு கறுப்பு ரப்பர் குழிகள். நம்பரைச் சுழற்றி, எதிர்முனையில் கீச்சென்று ஒரு விசில் கேட்டதும், ரிசீவரின் பேசும் முனையை ஒரு குழியிலும் கேட்கும் முனையை இன்னொரு குழியிலும் அழுத்திவிட வேண்டும். அதன் பிறகு அறையில் யாரும் பேசக் கூடாது, இருமக் கூடாது, நாற்காலியை இழுக்கக் கூடாது. இங்கே ஒரு கம்ப்யூட்டர், அங்கே ஒரு கம்ப்யூட்டர், இரண்டும் அந்தக் கம்பி வழியாக ஒன்றுக்கொன்று விசிலடித்துப் பேசிக்கொள்ளும். எனக்கு முன்னால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வரும். எறும்பு வரிசையைப் பார்க்கிற மாதிரி நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் கழுத்து வலி அங்கே பிடித்ததுதான். இன்றைக்கும் குளிர்காலத்தில் வலது பக்கம் திரும்ப முடிவதில்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. இன்டர்நெட் என்ற சொல்லை நாங்கள் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. மதுரை மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முதல் மாடியில், ஒரு நூல் மில்லின் தலைமை அலுவலகம். மில் ஊருக்கு மேற்கே, நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, கம்மங்காட்டுக்கு நடுவில் இருந்தது. வெளியூரில் படித்துவிட்டுத் திரும்பிய சின்ன முதலாளி இரண்டு கம்ப்யூட்டர்களையும் இரண்டு விசில் பெட்டிகளையும் வாங்கி, அனுமதிக்கு எழுதி, காத்திருந்து பெற்று, ஒரு நல்ல நாளில் இரண்டு இடத்திலும் வைத்தார். மில்லுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் வேறொரு கம்பெனி கிடையாது. கம்பிதான். அதே கம்பியில் ஆட்கள் பேசி, லிஸ்டைப் படித்துச் சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை. ஆனால் வருகிற விருந்தாளிகளிடம் காட்டுவதற்கு அதில் என்ன இருக்கிறது? பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்த என்னை ஆப்பரேட்டராக எடுத்தார்கள். ஒரு வருஷம் தகுதிகாண் பருவம், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார் மேனேஜர். அந்தப் 'பார்க்கலாம்' என்ற சொல்லோடுதான் தினமும் கே.கே. நகரிலிருந்து பஸ் ஏறினேன்.

மில்லின் முனையில் உட்கார்ந்திருந்தவர் டைம்கீப்பர் அண்ணே. தொழிலாளிகள் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று பதிவு செய்வதுதான் அவர் வேலை. கம்ப்யூட்டர் அவர் தலையில் வந்து விழுந்த கூடுதல் சுமை. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். இரண்டு விரல்களால் தட்டுவார். அவரை நான் நேரில் பார்த்தது மொத்தம் இரண்டே தடவை. மற்றபடி அவர் எனக்கு ஒரு குரல். பிறகு பச்சை எழுத்து. தினமும் விசில் பெட்டியில் ரிசீவரை வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பேசுவோம். "என்னா தங்கச்சி, சாப்ட்டியா? கழுத்து எப்புடி இருக்கு?" என்பார். "இருக்குண்ணே, இன்னும் உடம்போடதான் ஒட்டிக்கிட்டிருக்கு" என்பேன். "அப்ப ஆரம்பிச்சுருவமா? சங்கு ஊதறதுக்குள்ள முடிச்சுப்புடணும்" என்பார். அதோடு எங்கள் பேச்சு முடியும்.

சங்கு என்றால் மில் சங்கு. மூன்று மணி ஷிப்டுக்கு, கால் மணி நேரம் முன்னால் ஒரு தடவை ஊதும். ரிசீவர் திறந்த பெட்டியில் கிடக்கிறபோது பக்கத்தில் சங்கு ஊதினால் அந்தச் சத்தமும் ரப்பர் குழிக்குள் புகுந்து, போகிற வருகிற எழுத்துகளைக் கலைத்துவிடும். சங்கு மட்டுமில்லை, மில்லின் இரைச்சலே ஒரு தொல்லைதான். அண்ணே தன் துண்டை நாலாக மடித்து ரிசீவரின் மேல் போர்த்தி, இரண்டு பக்கமும் கையால் அமுக்கிக்கொண்டு நிற்பாராம். ஆயுத பூஜைக்கு மில்லுக்குப் போயிருந்தபோது எனக்கு அப்படிச் செய்தும் காட்டினார். காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரித்தான் இருந்தது. ஒல்லியான ஆள், காதோரம் நரை, சட்டைப்பையில் இரண்டு பேனா. கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, பொரிகடலை படைத்திருந்தார்கள். யாரோ பக்தி மிகுதியில் விசில் பெட்டியின் ரப்பர் குழிகள் இரண்டிலும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்கள். அடுத்த வேலை நாளில் சந்தனம் காய்ந்து, ஒரு எழுத்தும் உருப்படியாக வரவில்லை. அண்ணே ஊக்கால் நோண்டி நோண்டி அதை எடுத்தபடியே போனில், "சாமி காதை அடைச்சுப்புட்டாய்ங்க தங்கச்சி" என்றார். நான் அந்த ஆபீஸில் வாய்விட்டுச் சிரித்தது அநேகமாக அன்று ஒரு நாள்தான்.

வேலை இதுதான். மில்லில் நிரந்தரத் தொழிலாளிகளைத் தவிர 'பதிலி'கள் உண்டு. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவர் இடத்தில் நிற்பவர்கள் பதிலிகள். மதியம் இரண்டு மணியிலிருந்தே அவர்கள் தூக்குவாளியோடு மில் வாசலில் வந்து நிற்பார்கள். யார் யார் நிற்கிறார்கள் என்று அண்ணே எனக்கு அனுப்புவார். மேனேஜர் ஒரு தாளில் பேர்களுக்கு எதிரே டிக்கும் பெருக்கல் குறியும் போட்டு என் மேஜைக்கு அனுப்புவார். நான் அதைத் தட்டி மில்லுக்குத் திருப்பி அனுப்புவேன். கம்ப்யூட்டரில் தமிழ் கிடையாது. வாசலில் இருக்கிறவர்களுக்கு இங்கிலீஷ் வார்த்தை புரியாது. அதனால் தமிழ்ச் சொல்லையே இங்கிலீஷ் எழுத்தில் அடிப்போம். டிக் போட்ட பேருக்கு எதிரே VARALAM, வரலாம். பெருக்கல் குறிக்கு VENDAM, வேண்டாம். பேருக்கு எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லை. பாண்டியம்மாள் எல்லோரும் பாண்டியம் ஆனார்கள். பஞ்சவர்ணம் என்ற பெண் எங்கள் திரையில் PANCHAVA. நூலைக் கோனில் சுற்றும் பகுதியில் பதிலி. எனக்கு வெகுநாள் வரை அவள் முகம் தெரியாது, இந்த எட்டு எழுத்துதான் தெரியும்.

வாசலில் லிஸ்டைப் படிப்பது அண்ணேதான். 'வரலாம்' பேர்களைச் சத்தமாகப் படிப்பார். மிச்சம் இருப்பவர்களைப் பார்த்து ஒரு நாளும் 'வேண்டாம்' என்று படித்ததில்லை என்று ஆயுத பூஜை அன்று வாட்ச்மேன் என்னிடம் சொன்னார். "நாளைக்கு வாங்க ஆத்தா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாராம். வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கூடப் போறேன் என்று சொல்லாமல் போயிட்டு வாரேன் என்று சொல்கிற ஊரில் அது பெரிய விஷயமில்லை என்று அப்போது நினைத்தேன்.

ஆரம்பத்தில் ஒரு கூத்து நடந்தது. நான் ஒருவருக்கு VARALAM என்று அனுப்பியிருக்கிறேன். ஏதோ இரைச்சலில் கடைசி எம் எழுத்து மட்டும் தொலைந்து, அங்கே VARALA என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. வரலாம் என்பது வரல ஆகிவிட்டது. அண்ணே அன்றைக்கு லீவு. அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த கிளார்க் தாளைப் பார்த்துவிட்டு, வாசலில் தூக்குவாளியோடு நின்ற ஆளிடமே "நீ இன்னைக்கு வரலைன்னு போட்டிருக்குய்யா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஆளும் தான் வரவில்லை போலிருக்கிறது என்று திரும்பி நடந்து போய்விட்டாராம். மறுநாள் அண்ணே போனில் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார். "சிரிக்கிறேன்ல, அது தப்பு தங்கச்சி. அவன் ஏழு மைல் நடந்து வந்தவன். ஒரு எழுத்துக்கு ஒரு ஷிப்ட் போச்சு" என்றார்.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒவ்வொரு சொல்லையும் நான் இரண்டு தடவை அடிக்க வேண்டும். அவர் தனக்கு வந்த லிஸ்டை வந்தபடியே எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அதை நான் பிரிண்டரில் எடுத்து, மேனேஜரின் தாளோடு வரி வரியாக ஒப்பிட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் அவர் வாசலுக்குப் போக வேண்டும். இது மேனேஜருக்குத் தெரியாது. அவர் லிஸ்ட் போனதா என்று மட்டும்தான் கேட்பார். திரும்பி வந்த தாள்களை எல்லாம் நான் தேதி போட்டுத் துளையிட்டு ஒரு ஃபைலில் கோத்து வைத்தேன். யாரும் கோக்கச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை நான். பள்ளிக்கூடத்தில் ரஃப் நோட்டுக்கும் அட்டை போட்டவள். அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை என்பதில் எனக்கு உள்ளூர ரொம்பப் பெருமை இருந்தது.

மேனேஜரின் பெருக்கல் குறிகளுக்கு அர்த்தம் புரிய எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. பதிலியாக இருந்தாலும், குறிப்பிட்ட காலத்துக்குள் சட்டம் சொல்கிற அளவு நாட்கள் வேலை பார்த்துவிட்டால் நிரந்தரம் ஆக்கியாக வேண்டும். அந்த நாட்களை எண்ணுவது என் கம்ப்யூட்டர். மாதா மாதம் ஒரு பட்டியல் எடுத்து மேனேஜருக்குக் கொடுப்பேன். யார் அந்த எல்லையை நெருங்குகிறார்களோ அவர்களுடைய பேருக்கு நேரே பெருக்கல் குறி விழ ஆரம்பிக்கும். நாள் கணக்கு பழசாகி உதிர்கிறவரை விழுந்துகொண்டே இருக்கும். பிறகு மறுபடியும் டிக். வாசலில் நிற்கிறவர்களுக்கு இது ஏதோ அதிர்ஷ்டம் மாதிரி, மழை மாதிரி. எனக்குத்தான் அது எப்படிப் பெய்கிறது என்று தெரியும். அண்ணேக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எனக்கு அப்போதே எல்லாவற்றிலும் ஒரு அசதி வந்துவிட்டது. இருபத்து மூன்று வயதில் வரக் கூடாத அசதி.

ஒரு நாள் லிஸ்ட் எல்லாம் முடிந்த பிறகு அண்ணே போனை வைக்கவில்லை. "தங்கச்சி, அந்தப் பஞ்சவர்ணத்துக்கு இன்னும் எம்புட்டு ஷிப்ட் இருக்கு?" என்று கேட்டார். பார்த்துச் சொன்னேன். ஒன்பது. "ஒம்பதுதேனா" என்றார். "புருஷன் இல்லாத பிள்ளை. போன வருஷமும் இப்புடித்தேன், பத்துக்கு வந்து நின்டு போச்சு. நாகமலைக்கு அந்தப் பக்கம் இருந்து நடந்து வருது. நேத்து என்னையப் பாத்து, நான் ஏதும் தப்பு செஞ்சுட்டனாண்ணேன்னு கேக்குது." நான் பட்டியலை மூடி வைத்தேன். "சரி, வச்சுருறேன்" என்று வைத்துவிட்டார். மறுநாள் மேனேஜரின் தாளில் அவளுக்குப் பெருக்கல் குறி. PANCHAVA VENDAM VENDAM என்று அனுப்பினேன். அவரும் அப்படியே திருப்பி அனுப்பினார். ஒப்பிட்டுச் சரி சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் மில்லிலிருந்து வந்த வருகைப் பட்டியலை ஏற்றிக்கொண்டிருந்தபோது PANCHAVA முந்தின நாள் மூன்று மணி ஷிப்டில் வேலை பார்த்திருப்பதாக இருந்தது. தவறிப் பதிந்திருப்பார் என்று விட்டுவிட்டேன். அதற்கு மறுநாளும் அதே. மூன்றாம் நாள் போனில் கேட்டேன். "அண்ணே, பஞ்சவர்ணத்துக்கு வேண்டாம்னுல அனுப்பிச்சேன்?"

"வேண்டும்னுல தங்கச்சி வந்துச்சு. சங்கு ஊதிருச்சு. ஏ எழுத்து யு-வா மாறிப்போச்சு" என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

VENDAM, VENDUM. இங்கிலீஷில் அடித்தால் வேண்டாமுக்கும் வேண்டுமுக்கும் நடுவில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். என் மேஜையில் அவர் திருப்பி அனுப்பிய தாள் இருந்தது. அதில் இரண்டு தடவையும் ஏ எழுத்துத் தெளிவாக இருந்தது. சங்கு ஊதுவதற்கு இருபது நிமிஷம் முன்னால் வந்த தாள். என்னிடம் அந்தத் தாள் இருப்பது அவருக்குத் தெரியும். அது இருக்கிறதென்று தெரிந்துதான் அவர் அப்படிச் சொன்னார். கிழித்துப் போடு என்று ஒரு நாளும் அவர் கேட்கவில்லை. நான், "சரிண்ணே, லைன் சரியில்லை போல" என்றேன். "ஆமா, லைன்தேன்" என்றார்.

அப்படியே ஒன்பது ஷிப்டும் போயிற்று. தினமும் நான் வேண்டாம் என்று அனுப்புவேன், அவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவார், வாசலில் பஞ்சவர்ணம் உள்ளே போவாள். வாசலில் படிக்கிற தாளை அவர் தனியாக அடித்துக்கொண்டார் என்று பின்னால் தெரிந்தது. அந்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஏதோ நானும் கூட இருந்து ஒரு நல்ல காரியம் செய்கிற மாதிரி ஒரு திருப்தி. ஒன்றும் செய்யாமல் இருப்பதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. இருந்தாலும் அந்தத் திருப்தி இருந்தது.

மாதக் கடைசியில் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அன்றைக்குக் காலையிலிருந்து மாதப் பட்டியலை மூன்று தடவை அடித்திருந்தேன். கரண்ட் போய்ப் போய் வந்ததில் இரண்டு தடவை அழிந்துவிட்டது. கழுத்து மரக்கட்டை மாதிரி இருந்தது. அவர் முன்னால் வருகைப் பட்டியல் விரிந்து கிடந்தது. ஒரு பேரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மில்லுக்குப் போன் பண்ணி விசாரித்துவிட்டாராம். கோபமாகக்கூட இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"ஏம்மா, லைன்ல சத்தம் இருந்தா எழுத்து மாறி வருமாமே? அப்படியா?"

அவ்வளவுதான் அவர் கேட்டது. மாறும் சார் என்று சொல்லியிருந்தால் போதும். பொய்கூட இல்லை அது. எழுத்து மாறத்தான் செய்யும், வரலாம் வரல ஆனது எனக்கே தெரியும். மாறும் சார் என்று சொல்லிவிட்டு நான் என் மேஜைக்குப் போயிருப்பேன். அவர் விசில் பெட்டிக்காரனைத் திட்டி ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருப்பார்.

ஆனால் அவர் கேட்ட விதத்தில் என் வேலையில் பிழை இருக்கிறது என்று எனக்குக் கேட்டது. தகுதிகாண் பருவம் முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. பயமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பயத்தைவிட ரோஷம் முந்திக்கொண்டது. "எழுத்து மாறாது சார்" என்றேன். "நாங்க ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை அனுப்பறோம். அங்கேயிருந்து திரும்ப வாங்கி ஒப்பிட்டும் பாக்கறோம். இத்தனை மாசத்துல என் கையில ஒரு எழுத்துகூட மாறினதில்லை சார்."

அவருக்குப் புரியவில்லை. "திரும்ப வாங்கிறதுன்னா?" என்றார். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். நான் என் மேஜைக்குப் போய் ஃபைலை எடுத்துவந்து, அந்த ஒன்பது நாள் தாள்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். விரலால் தொட்டுக் காட்டக்கூடச் செய்தேன். ஏழாவது தாளிலோ எட்டாவது தாளிலோ என் விரல் நின்றது. என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. மேனேஜர் மிச்சத் தாள்களை அவராகவே புரட்டிக்கொண்டார். "வெரி குட்மா, ரொம்ப நீட்டா வச்சிருக்கே" என்றார். அந்தப் பாராட்டை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் இரண்டரை மணிக்கு மேனேஜர் கொடுத்த தாளில், எல்லாப் பேர்களுக்கும் கீழே, கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. டைம்கீப்பர், அதற்கு எதிரே பெருக்கல் குறி. "லெட்டர் நாளைக்கு ஆள் கொண்டு போவான். ஆனா நாளைக்கு அவரை கேட்டுக்குள்ள விடக் கூடாது. லிஸ்ட்லயே போட்டு அனுப்பிரு" என்றார். நான் நம்பரைச் சுழற்றினேன். "என்னா தங்கச்சி, கழுத்து எப்புடி இருக்கு?" என்று கேட்டார். "இருக்குண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு அவசரமாக ரிசீவரை ரப்பர் குழியில் வைத்து அழுத்தினேன். என் வாயால் சொல்ல வேண்டியதில்லை, கம்ப்யூட்டர் சொல்லிவிடும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. TIMEKEEP VENDAM VENDAM. அந்தப் பதவிக்கும் எட்டு எழுத்துதான் இடமிருந்தது. வாசலில் யாருக்கும் அவர் படித்துக் காட்டாத சொல்லை நான் அவருக்கு இரண்டு தடவை அனுப்பினேன்.

திரும்பி வர வேண்டிய லிஸ்ட் வர வெகுநேரம் ஆயிற்று. திரையில் பச்சைக் கட்டம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு எழுத்துகள் ஊர்ந்து வர ஆரம்பித்தன. அவர் இரண்டு விரலால் தட்டுகிற வேகத்தில், ஒவ்வொரு பேராக. சும்மா ஒரு பொத்தானை அமுக்கினால் வந்த லிஸ்ட் அப்படியே திரும்பி வந்துவிடும். அன்றைக்கு அவர் முழுசையும் கையால் அடித்தார். கடைசி வரிக்கு வந்தபோது நான் திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன். பிறகு பிரிண்டரில் வந்ததைப் பார்த்தேன். TIMEKEEP VENDAM VENDAM. ஒரு எழுத்து மாறவில்லை. ஏ-வை அவர் யு ஆக்கி அனுப்பியிருந்தால் ஒன்றும் நடந்துவிடாதுதான். ஆனாலும் அப்படி அனுப்பியிருக்கலாமே என்று நான் பல வருஷம் ஆதங்கப்பட்டிருக்கிறேன். அப்படி அனுப்பியிருந்தால் அது என்மேல் கோபம் என்றாவது எடுத்துக்கொண்டிருப்பேன்.

பஞ்சவர்ணத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒன்பது ஷிப்டும் பதிவேட்டில் ஏறிவிட்டன, அவள் கைநாட்டும் இருந்தது. சங்கத்துக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் இழுத்தடித்துவிட்டு நிரந்தரம் ஆக்கினார்கள். அவள் பேரைப் பதிலிகள் பட்டியலிலிருந்து எடுத்து நிரந்தரத் தொழிலாளிகள் பட்டியலில் ஏற்றியது நான்தான். அதே வாரத்தில் எனக்கும் நிரந்தர உத்தரவு வந்தது. ஒரே கவரில் வராததுதான் குறை. ஆபீஸில் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். எதற்காக அழுகிறாய் என்று பக்கத்து மேஜை அக்கா கேட்டபோது கழுத்து வலி என்றேன். மில் முனையில் புதிதாக ஒரு பையனை உட்காரவைத்தார்கள். அவன் வேகமாகத் தட்டுவான், துண்டெல்லாம் போர்த்த மாட்டான், சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டான். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

அண்ணேயை இரண்டாவது தடவை பார்த்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. கோச்சடையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு, வெயில் தாழ பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். "தங்கச்சிதானே?" என்று பக்கத்தில் குரல். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. முழுசாக நரைத்திருந்தார். சட்டைப்பையில் ஒரு பேனாதான் இருந்தது. அங்கே ஒரு மரக்கடையில் சீட்டு எழுதுவதாகச் சொன்னார். "மரம் அறுக்கிற சத்தம் மில்லுச் சத்தத்துக்குப் பரவாயில்ல, அது பாட்டுக்கு ஓடுது" என்றார். கழுத்தைக் கேட்டார். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். பஞ்சவர்ணம் போன பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பஸ் தூரத்தில் தெரிந்தபோது அவர், "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைப்பு. தப்பா எடுத்துக்காத" என்றார். "அந்தத் தாளுக... அவுக கேட்டாகளா?"

கேட்டார்களா, நீயாகக் கொடுத்தாயா என்று அவர் கேள்வியை முடிக்கவில்லை. மிச்சத்தை எனக்காகவே விட்டுவைத்த மாதிரி இருந்தது. பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது.

"கேட்டாங்கண்ணே" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. என் கண் முன்னாலேயே தெளிந்தது. "அதான பாத்தேன்" என்றார். "கேட்டா குடுத்துத்தேன ஆகணும். நீ என்னா செய்வ? இம்புட்டு நாளும் அது ஒண்ணுதேன் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஏறு, ஏறு, பஸ்ஸை விட்றாத." நான் ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கையைக் காட்டிவிட்டு மரக்கடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

நான் ஓய்வு பெற்றே வருஷங்கள் ஆகின்றன. காலையில் எழுந்தால் போனில் நாற்பது வணக்கம், பூப்படம், யார் யாரோ எங்கெங்கிருந்தோ. அனுப்பிய நொடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது, படித்தாகிவிட்டது என்றும் காட்டிவிடுகிறது. எனக்கு அதில் ஒன்றைத் திறந்து பார்க்கவும் தெம்பில்லை. அண்ணே இருந்தால் எண்பதை நெருங்கியிருப்பார். அவருடைய நம்பர் என்னிடம் கிடையாது, கேட்டு வாங்க ஒருவரும் மிச்சமில்லை. இருந்தாலும் இதை எங்காவது எழுதிவைத்துவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது, எழுதிவிட்டேன். அண்ணே, அவர்கள் கேட்கவில்லை. நானாகத்தான் எடுத்துக் கொடுத்தேன்.